மயிலையும் செவலையும், ரெண்டு மெமரி கார்டும்

ரெண்டு மாசமாக ஒன்றும் எழுதவில்லை. மஞ்சள் வெட்டு, அப்புறம் வேக வைப்பு, அப்புறம் களத்தில் காயப்போட்டுக் கிளறி விடுவது என்று பொழுது ஓடிப்போனது. அது ஒரு காரணம். இன்னொன்று, நான் ஒற்றை விரலில் தட்டுகிற இந்த லேப்டாப்பு சின்னவள் கையில் இருந்தது. அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருசம். ப்ராஜெக்ட் முடித்துக் கொடுக்க வேண்டும். அப்பன் கதை எழுதுவதற்காக அதைப் பிடுங்க முடியுங்களா?

இந்த லேப்டாப்பே எங்களுக்கு ஒறம்பரையில் வந்ததுதான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு என்று ஆரம்பித்தபோது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மச்சான் மகன் தன்னுடைய பழசைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஐ3, மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி மெமரி. அப்போதே அதற்கு ஏழெட்டு வயசு. மாட்டுக் கணக்கில் பார்த்தால் பல்லெல்லாம் சேர்ந்து, கிழடு தட்டுகிற வயசு. சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச லேப்டாப்பு கிடைக்கவில்லை. அவள் படித்த வருசத்தில் தரவில்லை. பெரியவளுக்குக் கிடைத்தது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

பிப்ரவரி மாசம் ஒரு நாள் விடியக்காலம் நாலரை மணிக்குப் பால் கறக்க எழுந்தேன். சின்னவள் லேப்டாப்பை ஆன் பண்ணித் திண்ணையில் வைத்துவிட்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி முடித்து, சாணி தெளித்து, கோலம் போட்டு, வந்து ஒரு தரம் எதையோ அமுக்கினாள். மறுபடி எழுந்து போய்ப் பல் விளக்கிவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்கண்ணு, பால்குக்கர் வெச்ச மாதிரி வெச்சுட்டுப் போறயே, விசில் அடிக்குமா?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

கட்டுத்தரையில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரி வந்தாள். "சிரிக்கறீங்களே, அந்தப் புள்ள ஏன் தினமும் நேரங்கழிச்சு வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரெண்டு தடவை நான் அவளைத் திட்டியிருக்கிறேன். ஐந்து மணிக்கு வர வேண்டியவள் ஏழு மணிக்கு வருகிறாள், டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடந்து வருகிறாள் என்றால் பெத்தவனுக்குக் கோபம் வருமா வராதா? சிநேகிதிகளோடு பேசிக்கொண்டு நின்றுவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். விசயம் என்னவென்றால், வீட்டு லேப்டாப்பில் வேலை ஓடாததால் கல்லூரி லேப் பூட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சொன்னால், மஞ்சள் விற்காத நேரத்தில் கடன் வாங்கிப் புதுசு வாங்கிவிடுவேன் என்று பயந்து சொல்லவில்லையாம்.

அன்றைக்குப் பால் சொசைட்டிக்கு அரை லிட்டர் குறைச்சலாகத்தான் ஊற்றினேன். மடியில் விட்டுவிட்டேன் போல.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "எனக்குக் காட்டு, என்ன ஆகுதுன்னு" என்றேன். டாஸ்க் மேனேஜர் என்று ஒன்றைத் திறந்தாள். அவள் ப்ராஜெக்டுக்கு ஜாவா ஒரு பக்கம், மைஎஸ்கியூஎல் ஒரு பக்கம், ப்ரௌசர் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். மூன்றும் திறந்தவுடன் மெமரி 94 சதவீதம் என்று நின்றது. டிஸ்க் 100 சதவீதம். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. மவுஸ் அம்புக்குறி, சேற்றில் இறங்கின வண்டி மாதிரி, நின்று நின்று நகர்ந்தது.

மச்சான் மகனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மெமரி என்பது நம்ம களம் மாதிரி. ஹார்ட் டிஸ்க் என்பது கிடங்கு. வேக வைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பினால்தான் வேலை நடக்கும். களம் சின்னது, மஞ்சள் அதிகம் என்றால் என்ன செய்வோம்? கொஞ்சத்தை அள்ளிக் கிடங்கில் போட்டுவிட்டு, இதைக் கிளறி, மறுபடி இதை அள்ளி வைத்துவிட்டு அதைக் கொண்டுவந்து கொட்டுவோம். பாதி நாள் சுமப்பதிலேயே போய்விடும். லேப்டாப்பும் அதைத்தான் செய்கிறது. 4 ஜிபி களம் நிரம்பியதும், அப்போதைக்கு வேண்டாததைத் தூக்கிக் கிடங்கில் போடுகிறது, வேண்டும்போது எடுத்து வருகிறது. சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் அந்தச் சுமைக்கூலிதான் அத்தனை நேரமும். "மெமரியைக் கொஞ்சம் கூட்டினாப் போதுங்க மாமா. பின்னால ஒரு ஸ்லாட் காலியாத்தான் இருக்கும்" என்றான்.

மறுநாள் டவுனுக்கு எடுத்துப் போனேன். ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரத் தம்பி பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தான். "அண்ணா, இதுல 4 ஜிபி, 1600 ஸ்பீடு கார்டு இருக்குது. இதே கம்பெனி, இதே ஸ்பீடு கார்டுதான் போடணும். மாத்திப் போட்டா போர்டே போயிரும். இது பழைய டைப்பு, கிடைக்கறது கஷ்டம். ரெண்டு கார்டும் புதுசா செட்டாப் போட்டா 4,500 ஆகும். அதுக்கு இந்த மிசினுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டுங்கண்ணா. 38,000-க்கு நல்லதாப் புதுசே இருக்குது, மாசத் தவணையும் போட்டுக்கலாம்" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் கடை வாடகை இருக்கும். ஆனால் "போர்டே போயிரும்" என்று சொன்னான் பாருங்கள், அது என் வயிற்றில் புளியைக் கரைத்தது. இருக்கிற ஒன்றும் போய்விட்டால் அந்தப் புள்ளைக்கு என்ன வழி? வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மஞ்சள் இன்னும் பாலிஷ் போடவில்லை. ஈரோடு மார்க்கெட்டுக்குப் போய் ஏலத்தில் விழுந்து பணம் கைக்கு வர ஒரு மாசமாவது ஆகும். மண்டிக்காரரிடம் அட்வான்ஸ் கேட்டால் கொடுப்பார். கொடுத்தால் மஞ்சளை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்கிற நாளில் போட வேண்டும். பரவாயில்லை, கேட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வீட்டுக்காரி சொன்னாள், "பெரியவளோட பழைய லேப்டாப்பு அட்டாலி மேல கெடக்குதே, அதுல எதாச்சும் ஆகாதா?"

இப்போது பெரியவள் கதைக்கு வருகிறேன். அவள் பிளஸ் டூ படித்தபோது, 2012-13-இல், அரசாங்கத்தில் கொடுத்த லேப்டாப்பு அது. எங்கள் தோட்டத்துச் சாளையில் முதல்முதலாக வந்த கம்ப்யூட்டர். அதை வைத்துத்தான் அவள் பி.எஸ்சி. முடித்தாள். 2016-இல் முடித்ததும் எம்.சி.ஏ. படிக்கிறேன் என்றாள். படி என்றுதான் சொன்னேன். அட்மிஷன், ஃபீஸ் என்று புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வருசத்து வடகிழக்குப் பருவமழை ஒட்டுமொத்தமாகக் காலை வாரியது. உங்களுக்கு நினைவிருக்கலாம், 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, நிற்கிற மஞ்சள் கண்ணெதிரே சுருண்டது. "அடுத்த வருசம் பார்த்துக்கலாம் கண்ணு" என்றேன். அடுத்த வருசம் நல்ல இடம் ஒன்று வந்தது, கட்டிக் கொடுத்துவிட்டோம். அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை நல்லவர், பேரன் இருக்கிறான், ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த "அடுத்த வருசம்" மட்டும் என் தொண்டையில் இன்னும் நிற்கிறது.

போகும்போது அந்த லேப்டாப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் நான் தட்டிப் பழகினேன். ஒரு நாள் ஆன் ஆகவில்லை. போர்டு போச்சு என்றார்கள். மஞ்சள் சாக்கில் சுற்றி அட்டாலியில் போட்டு வைத்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ராத்திரி அதை இறக்கினோம். எட்டு வருசத் தூசி. சின்னவள் செல்போனில் மச்சான் மகனை வீடியோவில் கூப்பிட்டு, தம்ளர் மேல் சாய்த்து நிறுத்தினாள். அவன் சொல்லச் சொல்ல ஸ்க்ரூவைக் கழற்றினோம். உள்ளே ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை அட்டை ஒன்று, அதில் கறுப்புச் சில்லுகள் வரிசையாக. அதுதான் மெமரி கார்டு. ரெண்டு ஓரத்திலும் இருக்கிற கிளிப்பை வெளிப்பக்கம் விலக்கினால் தானாக எழும்புகிறது, கன்றுக்குட்டி எழுந்திருக்கிற மாதிரி.

"லேபிளைப் படிங்க மாமா" என்றான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 2 ஜிபி, பிசி3-10600எஸ். "இன்னொண்ணுல?" அதில் 4 ஜிபி, பிசி3-12800எஸ்.

"10600-ஐ எட்டால வகுங்க" என்றான். 1325. "அதைத்தான் 1333-னு சொல்றாங்க. 12800-ஐ எட்டால வகுத்தா?" 1600. "அவ்வளவுதாங்க மாமா. அது ஸ்பீடு 1333, இது 1600. ரெண்டும் டிடிஆர்3 ரகம், அதனால ஒரே குழியில உக்காரும்."

நான் உடனே கடைக்காரத் தம்பி சொன்னதைச் சொன்னேன். வேகம் மாறிப் போட்டால் போர்டு போய்விடுமாமே? அவன் சிரித்தான். ஒவ்வொரு மெமரி கார்டிலும் ஓரமாகப் பொடிசாக ஒரு சில்லு இருக்கிறதாம். அந்தக் கார்டு எத்தனை ஜிபி, அதிகபட்சம் என்ன வேகத்தில் ஓடும், சின்ன வேகத்தில் ஓடினால் எப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்குமாம். மாட்டுக்குக் காதில் மஞ்சள் அட்டை குத்தி 12 இலக்க நம்பர் போட்டிருக்கிறார்களே, அந்த மாதிரி. லேப்டாப்பு ஆன் ஆன உடனே, விண்டோஸ் வருவதற்கெல்லாம் முன்னாலேயே, போர்டு ரெண்டு கார்டின் அட்டையையும் படித்துப் பார்த்து, ரெண்டுக்கும் ஒத்து வருகிற வேகம் எதுவோ அதில் ரெண்டையும் ஓட்டும். அதாவது 1600 கார்டும் இனிமேல் 1333-இல்தான் ஓடும். மெதுவாக ஓடுவதால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை.

"அப்பன்னா இருக்கறதும் மெதுவா ஆயிருமே?" என்றாள் சின்னவள். அவளுக்கு அதுதான் கவலை.

எனக்கு அப்போது எங்கப்பா ஞாபகம் வந்தது. எங்களிடம் ஒரு ஜோடி மயிலை எருதுகள் இருந்தன, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பிடித்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது அதில் ஒன்று வயிறு உப்பிச் செத்துப்போனது. ஜோடிக்கு ஜோடி வாங்கப் பணம் இல்லை. அப்பா எங்கேயோ போய் ஒரு செவலை எருதை, பாதி விலைக்கு, பிடித்துக்கொண்டு வந்தார். வயசானது, நடை மெத்தனம். மயிலையோ காங்கேயம் நடை, விசுக் விசுக்கென்று போகும். ஊரே சிரித்தது. "ஜோடி சேராதுங்க, மயிலையும் கெட்டுப்போகும்" என்றார்கள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. நுகத்தடியில் ஏர்க்காலைக் கட்டுகிற கயிற்றை நட்டநடுவில் கட்டாமல், நாலு விரல் மயிலைப் பக்கமாகத் தள்ளிக் கட்டினார். அப்படிக் கட்டினால் பாரம் மயிலை மேல் கொஞ்சம் கூடுதலாக விழும், செவலைக்குக் குறையும். தள்ளுவண்டி, துலாக்கோல் எல்லாம் இதே கணக்குதான். முதல் நாலு நாள் மயிலை முன்னால் இழுக்க, செவலை பின்னால் நிற்க, சால் கோணலாகப் போனது. அப்புறம் மயிலை நடையைக் குறைத்துக்கொண்டது. செவலை வேகத்துக்குத்தான் ஏர் போனது, அது வாஸ்தவம். ஆனால் உழவு நடந்தது. நாலு வருசம் அந்த ஜோடியை வைத்துத்தான் பண்ணயம் பார்த்தோம். அப்படிப் பார்க்காமல், ஜோடி வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தால் காடு கரம்பாகத்தான் கிடந்திருக்கும்.

இதை நான் சொன்னதும் மச்சான் மகன், "கரெக்டுங்க மாமா, ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது" என்றான். ஏரில் ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது. மெமரியில் ஒற்றைக் கார்டு ஓடும், இத்தனை நாள் ஓடியதே. ஆனால் ஒற்றைக் கார்டு போட்டால் ஒரு வழியில்தான் சரக்குப் போக்குவரத்து. ரெண்டு ஸ்லாட்டிலும் கார்டு இருந்தால் ரெண்டு வழி திறக்கும், டூயல் சேனல் என்பார்கள். அந்த 12800 என்கிற நம்பர் இருக்கிறதே, அது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட் போகலாம் என்கிற கணக்கு. ஒற்றை 1600 கார்டு என்றால் அதிகபட்சம் 12,800. ரெண்டு 1333 கார்டு ஜோடியாக ஓடினால் 10,600-உம் 10,600-உம், 21,000-க்கு மேல்.

"ஆனா ஒண்ணு 4, ஒண்ணு 2 ஆச்சே, எப்படி ஜோடி சேரும்?" என்றாள் சின்னவள். அது நல்ல கேள்வி. இன்டெல் போர்டுகளில் அதற்கும் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். 4-இல் இருந்து 2, இந்த 2, ரெண்டும் ஜோடி சேர்ந்து 4 ஜிபி ரெட்டை வழியில் ஓடும். மிச்சம் இருக்கிற 2 ஜிபி ஒற்றை வழியில் ஓடும். ஃப்ளெக்ஸ் மோடு என்று பேர். எங்கப்பா நாலு விரல் தள்ளிக் கட்டியதை இவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் விட முக்கியமாக அவன் சொன்னது வேறு. 1600-க்கும் 1333-க்கும் உள்ள வித்தியாசத்தை இந்த வேலையில் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. மெமரி போதாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு நடையாய் நடக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்வது. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மெதுவான 2 ஜிபி கூடச் சேர்ந்தாலும் லாபம்தான்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ரெண்டு விசயம் கண்டிப்பாகச் சொன்னான். ஒன்று, டிடிஆர்3 கார்டும் டிடிஆர்4 கார்டும் சேரவே சேராது. அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், குழியில் உட்காராது, அழுத்தி உட்கார வைக்கவும் கூடாது. இன்னொன்று கரண்டுக் கணக்கு. லேபிளில் பிசி3 என்று மட்டும் இருந்தால் 1.5 வோல்ட்டுக் கார்டு. பிசி3எல் என்று "எல்" சேர்ந்து இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடும். பின்னால் வந்த லேப்டாப்புகள் நிறைய 1.35 மட்டும்தான் கொடுக்கும். அதில் பழைய 1.5 கார்டைப் போட்டால் வேலை செய்யாது. எங்களுடையது மூன்றாம் தலைமுறை என்பதாலும், உள்ளே இருந்தது "எல்" இல்லாத கார்டு என்பதாலும் தப்பித்தோம். வேகத்தைப் பற்றிப் பயமுறுத்திய கடைக்காரத் தம்பி இந்த வோல்ட்டுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, போடலாம் என்று முடிவானது. சின்னவளுக்கு மறுநாள் ரெவ்யூ. "நாளைக்கு ரெவ்யூ முடியட்டுமேங்கப்பா" என்று அவள் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இதுதான் என் புத்தி.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கி, மிச்சம் மீதி கரண்டை வெளியேற்றினோம். கையில் இருக்கிற நிலை மின்சாரம் போக ஜன்னல் கம்பியைத் தொட்டேன். கார்டைச் சாய்வாகக் குழியில் சொருகி, கீழே அமுக்கினேன். டிக் என்று கிளிப் விழுந்தது. மூடியைப் பூட்டி, பேட்டரியைப் போட்டு, பட்டனை அமுக்கினால் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது.

ஒரு நிமிசம் பார்த்தோம். ரெண்டு நிமிசம் பார்த்தோம். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை. வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போனில் மச்சான் மகனுக்கு டவர் போய்விட்டது. "போர்டே போயிரும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னது காதில் கேட்டது. பெரியவளுக்கு ஒரு வருசத்தைக் கெடுத்தேன், இன்றைக்கு இவளுக்கும் கெடுத்தேன் என்று தோன்றியது. கை கொஞ்சம் நடுங்கியது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

டவர் வந்ததும் அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "புதுக் கார்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க" என்றான். கழற்றினோம், திரை வந்தது. மூச்சும் வந்தது. "கார்டோட அடியில தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்குதுங்களே, அதைப் பென்சில் ரப்பர் வெச்சுத் தேயுங்க. எட்டு வருசம் மஞ்சள் சாக்குல கெடந்துச்சுன்னு சொன்னீங்களே மாமா." பேரன் விட்டுப்போன ரப்பர் ஒன்று இருந்தது. சின்னவள்தான் தேய்த்தாள், என்னை விடவில்லை. ரப்பர் மஞ்சளாகவும் கறுப்பாகவும் ஆனது. தூளை ஊதிவிட்டு, இந்தத் தடவை கார்டை நன்றாக உள்ளே தள்ளி, அப்புறம் அமுக்கினாள். முதல் தடவை நான் சரியாகத் தள்ளாமலே அமுக்கியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆன் பண்ணினாள். கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது, எனக்கு உசிர் போனது, அப்புறம் வந்தது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி 6 ஜிபி. ஸ்பீடு 1333. ஸ்லாட் ரெண்டில் ரெண்டு. அவளுடைய சிநேகிதி யாரோ சொல்லி சிபியு-இசட் என்று ஒரு ப்ரோகிராமையும் ஓட்டிப் பார்த்தாள். அதில் 665 என்று காட்டியதும் பாதியாகக் குறைந்துவிட்டதோ என்று மறுபடி கலவரம். அது அப்படித்தானாம். டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை சரக்கு போகிற வகை. அதனால் 665-ஐ ரெண்டால் பெருக்க வேண்டும். யாராவது உங்கள் வீட்டில் பார்த்து மிரண்டால் சொல்லுங்கள்.

ஜாவாவையும் மைஎஸ்கியூஎல்லையும் ப்ரௌசரையும் ஒன்றாகத் திறந்தாள். மெமரி 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஹார்ட் டிஸ்க் கரகரப்பு அடங்கியது. பறக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆன் ஆவதற்கு முன்பு எவ்வளவு நேரமோ இப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான், அது டிஸ்க்கின் வேலை. அதற்கு எஸ்எஸ்டி போட வேண்டுமாம், மஞ்சள் விற்றதும் பார்க்கலாம். ஆனால் ஆன் ஆனதற்கு அப்புறம் அவள் எழுந்து வாசல் கூட்டப் போகவில்லை. படுக்கப் போகும் முன்னால் விண்டோஸிலேயே இருக்கிற மெமரி டெஸ்ட்டை ஓட விட்டோம். வேறு வேறு கார்டுகள் தனித்தனியாக நன்றாக இருந்தாலும் சேர்ந்தால் சில சமயம் தப்புப் பண்ணும், அப்படி இருந்தால் திடீரென்று நீலத் திரை வந்து நிற்கும், ரெவ்யூவில் நிற்பதை விட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்றான். காலையில் பார்த்தபோது பிழை ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது.

ரெவ்யூ நல்லபடி முடிந்தது. ஏதோ திருத்தம் சொல்லி அனுப்பினார்கள், செய்துகொண்டிருக்கிறாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு வந்துவிடுகிறாள். மண்டிக்காரரிடம் நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவளுக்குப் போன் போட்டேன். "உன்னோட லேப்டாப்புக் கார்டு தங்கச்சி லேப்டாப்புல ஓடுது கண்ணு" என்றேன்.

"அந்த 2 ஜிபி கார்டுங்களா? 1333 தானேங்கப்பா அது?" என்றாள். சட்டென்று சொன்னாள், யோசிக்கவே இல்லை. எட்டு வருசமாக அவள் வாயிலிருந்து இந்த மாதிரி வார்த்தை நான் கேட்டதில்லை. சின்னவள் ப்ராஜெக்ட் எதில் எழுதுகிறாள், டேட்டாபேஸ் என்ன என்று விசாரித்தாள். நான் போனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். மஞ்சளைக் கிளறி விட்டுவிட்டு வந்தும் முடியவில்லை.

கடைசியில் போன் என்னிடம் வந்தது. "அப்பா, அந்தப் பழைய லேப்டாப்புல ஹார்ட் டிஸ்க் இருக்குதுங்களா? அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அதுலதான் என் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன்."

"பத்திரமாத்தான் இருக்குது. எதுக்குக் கண்ணு இப்ப?"

"சும்மாதாங்கப்பா" என்றாள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்னக் கூட்டில் போட்டால் யுஎஸ்பி வழியாக எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாமாம். அந்தக் கூடு 300, 400 ரூபாய் ஆகும் என்று மச்சான் மகன் சொன்னான். நாளைக்கு டவுனுக்குப் போகிறேன்.